சேலத்தில் ஃப்ளை ஃபிஷிங்: எந்த மீனுக்கு எந்த ஈ?

சேலத்தில் இருந்துகொண்டு ஃப்ளை ஃபிஷிங் (முள்ளில் நூலும் இறகும் கட்டிய ‘ஈ’ என்னும் போலி இரையை வீசி மீன் பிடிப்பது) பழக முடியுமா, ஏற்காட்டில் ட்ரவுட் மீன் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பழகலாம், ஆனால் ட்ரவுட்டை மறந்துவிடுங்கள். அதற்குக் குளிர்ந்த நீர் வேண்டும். நீலகிரியின் அவலாஞ்சி பக்கம்தான் போக வேண்டும்.

நம் ஏரிகளில் ஜிலேபிக் கெண்டையும் விராலும் இருக்கின்றன. தொடங்குபவருக்கு ஜிலேபியே நல்லது. 10 அல்லது 12-ஆம் எண் தூண்டில்முள்ளில் பழுப்பு நூலைச் சுற்றி, சிறு பித்தளை மணி ஒன்றைக் கோத்து, நாட்டுச்சேவலின் கழுத்து இறகை இரண்டு சுற்று சுற்றி முடிச்சிட்டால் போதும். முடிச்சின் மேல் ஒரு சொட்டு நெயில்பாலிஷ். இதை மெல்ல மூழ்கவிட்டு, விட்டு விட்டு இழுங்கள்.

விராலுக்கு இது உதவாது. அது காற்றைச் சுவாசிக்க மேலே வரும், தவளையைப் பாய்ந்து கவ்வும். அதனால் பெரிய முள்ளில் ஃபோம் தாளை வைத்துக் கட்டி, ரப்பர் கால்கள் சேர்த்து, மிதக்கும் தவளையாகச் செய்யுங்கள். பாசியில் சிக்காமலிருக்க முள்ளின் முனையை மறைத்து ஒரு தடித்த நைலான் நரம்பு வளையம் கட்டாயம் வேண்டும். 8-ஆம் எண் கோல் (கனமான நூலை வீசத் தகுந்த தூண்டில்கோல்) இருந்தால்தான் அதைத் தூரம் வீச முடியும்; ஈக்கு வீசும் அளவு எடை கிடையாது, தடித்த தூண்டில் நூலின் எடைதான் அதைக் கொண்டு போகிறது.

அப்புறம் ஒன்று: சிவந்த விரால் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அங்கே வீசாதீர்கள். தாய், தந்தை விரால் அவற்றுக்குக் காவல் நிற்கும். காவல் நிற்கும் விராலைப் பிடித்தால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். மேட்டூர் அணையிலோ குத்தகை ஏரியிலோ இறங்கும் முன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.