பட்டம் முடித்துவிட்டுச் சொந்தத் தொழில்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: அக்கா, நான் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படிக்கிறேன். சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் வேலையில்லாத அம்மாக்கள் ஆறு பேரைச் சேர்த்து, வார்விக் காலைச் சந்தையில் மிஞ்சும் காய்கறியை வாங்கி ஊறுகாய் போட்டு விற்கலாம் என்று ஆசை. லாபம் அவர்களுக்கே போக வேண்டும். லாப நோக்கமற்ற கம்பெனியாகப் பதிவு செய்யவா? இயக்குநர்களாக அம்மாவையும் சித்தியையும் போட நினைக்கிறேன். பல்கலைக்கழகத்தில் பணம் ஏதாவது கிடைக்குமா?
– சாட்ஸ்வர்த் வாசகி

பதில்: கண்ணு, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், அதற்குத்தான் நாள் குறைவு. நீ இன்னும் மாணவி. நம் தென்னாப்பிரிக்காவின் 26 அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக, உயர்கல்வியில் தொழில்முனைவை வளர்க்கும் ஈடிஎச்இ என்ற திட்டத்தின் கீழ் மாணவர் தொழில் போட்டி நடக்கிறது, அதில் சமூகப் பயன் உள்ள தொழில்களுக்கென்று தனிப் பிரிவே உண்டு. பட்டமளிப்பு அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அதில் சேர முடியாது. உன் பல்கலைக்கழகத்திலேயே புது யோசனைகளைத் தொழிலாக்க உதவும் இன்க்யூபேட் என்ற அலுவலகம் இருக்கிறது (டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் இன்னோபிஸ் மையத்துக்குப் போகலாம்). இந்த வாரமே போய்ப் பார். ஆனால் பணம் கேட்டுப் போகாதே. அங்கே பணத்தைவிட ஆட்கள்தான் அதிகம்: ஊறுகாயின் புளிப்பை அளந்து எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லத் தெரிந்தவர், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து எந்த வரியில் கையெழுத்துப் போடக்கூடாது என்று சொல்லும் சட்டத்துறை ஆசிரியர், மதியம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது தேடும் பிள்ளைகள்.

இருபது வருடம் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதியவள் நான். ஒரு வீட்டு வராந்தாவில், மானியத்தில் வந்த மூடி போடும் இயந்திரத்தைப் பழைய சேலையால் போர்த்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் லேபிள் ஒட்டிய காலி பாட்டில்கள் அடுக்கடுக்காக, மேலே தூசி. அந்தப் பிள்ளை படிவங்களை ஒழுங்காகத்தான் நிரப்பியிருந்தாள், ஒரு பாட்டில்கூட விற்றுப் பார்க்காமல் நிரப்பியிருந்தாள். அதை நினைத்தால் இன்றும் மனது கஷ்டப்படுகிறது. அதிலிருந்து யார் வந்தாலும் எத்தனை விற்றாய் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

சரி, பதிவுக்கு வருகிறேன். நம் சட்டத்தில் சமூகத் தொழில் என்று தனி வகை கிடையாது, அதனால்தான் பிள்ளைகள் உடனே லாப நோக்கமற்ற கம்பெனிக்கு ஓடுகிறார்கள். உனக்கு அது பொருந்தாது. அதற்கு மூன்று இயக்குநர்கள் வேண்டும், அதுகூடப் பரவாயில்லை, லாபத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கவே முடியாது. உன் ஆறு பேருக்கும் சம்பளம் கொடுக்கலாம், வருடக் கடைசியில் மிச்சத்தைக் கொடுக்க முடியாது, நீ கேட்பதோ அதைத்தான். அப்புறம் நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை வேண்டுமென்று வரித்துறையான சார்ஸிடம் போனால், பொறுப்பேற்கும் மூன்று பேராவது ஒருவருக்கொருவர் உறவாக இருக்கக்கூடாது என்பார்கள். அம்மா, சித்தி, நீ என்ற கணக்கு அங்கே செல்லாது.

உனக்குப் பொருந்துவது கூட்டுறவு. 2005ஆம் வருடச் சட்டப்படி ஐந்து பேர் இருந்தால் போதும், உன்னிடம் ஆறு பேர் இருக்கிறார்கள். மிச்சத்தில் குறைந்தது 5 விழுக்காட்டைச் சேமநிதிக்கு ஒதுக்கிவிட்டு, மற்றதை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு ஓட்டு, யோசனை உன்னுடையது என்பதற்காக உனக்கு இரண்டு கிடையாது. அதை இப்போதே அந்த அம்மாக்களோடு உட்கார்ந்து, தேநீர் வைத்துப் பேசிவிடு.

இன்னொன்று, வீட்டு அடுப்பில் செய்தாலும் விற்கிற உணவுக்கு நகராட்சிச் சுகாதார அதிகாரியின் ஏற்புச் சான்றிதழ் வேண்டும், 2018இல் வந்த ஆர் 638 விதி அது. சமையல் இடத்தை வந்து பார்ப்பார்கள். முதலில் கோயில் மண்டபம் மாதிரி ஏற்கெனவே சான்றிதழ் உள்ள சமையலறை கிடைக்குமா என்று விசாரி.

கேள்வி: அண்ணன்மார் எல்லாரும் அரசு வேலையில். நான் மட்டும் வீட்டிலிருந்தே டிசைன் வேலை எடுத்துச் செய்கிறேன், மாதம் மாதம் ஏதோ வருகிறது. கம்பெனி ஆரம்பித்தால்தான் மரியாதை என்கிறார்கள். வரி பற்றி ஒன்றும் தெரியாது.
– ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: தம்பி, கம்பெனி இப்போது வேண்டாம். உன் பெயரிலேயே தொழில் செய்யலாம், அதற்கு எங்கேயும் கம்பெனிப் பதிவு தேவையில்லை. பெரிய வாடிக்கையாளர் கம்பெனிக்குத்தான் வேலை தருவேன் என்று சொல்லும் நாளில் பதிவு செய்துகொள், பெயரைப் பிடித்து வைக்க 50 ராண்ட், பதிவுக்கு 125 ராண்ட், அவ்வளவுதான்.

வரியை மட்டும் தள்ளிப் போடாதே. உனக்கு வரும் பணத்தில் யாரும் வரி பிடிப்பதில்லை, அதனால் ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் நீயே மதிப்பிட்டு முன்வரி கட்ட வேண்டியிருக்கும். வருமான வரியின் முதல் அடுக்கு 18 விழுக்காடு. பணம் வந்த அன்றைக்கே ஐந்தில் ஒரு பங்கை வேறு கணக்கில் போட்டுவிடு, மறந்துவிடு. வேலையிழப்புக் காப்பீடும் உன்னை மாதிரித் தனியாக உழைப்பவர்களுக்குக் கிடையாது, எனவே வேலை வராத இரண்டு மாதத்துக்கும் நீயேதான் சேர்க்க வேண்டும். பாதிப் பணம் கைக்கு வராமல் வேலையைத் தொடங்காதே, அது மாமா மகனாக இருந்தாலும் சரி.

கேள்வி: பட்டம் வாங்கிய மகள் தொழில், தொழில் என்கிறாள். வேலை தேடச் சொல்லலாமா?
– டோங்காட் தந்தை

பதில்: ஐயா, இரண்டையும் செய்யட்டும். தேசிய இளைஞர் மேம்பாட்டு முகமை 18 முதல் 35 வயதுவரை உள்ளவர்களுக்குத் திருப்பிக் கட்ட வேண்டாத மானியம் தருகிறது, வயது அவள் பக்கம் இருக்கிறது. ஆனால் அவளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். யாருக்கு விற்றாள், எவ்வளவுக்கு, பணம் எப்போது வந்தது என்று தினமும் எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து இருவரும் அதைச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள், பார்த்துவிட்டு எனக்கும் எழுதுங்கள்.