முதல் செஸ் போர்டு: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ஏழு வயது மகள் செஸ் பழக ஆசைப்படுகிறாள். கடையில் காந்த போர்டு, மடிக்கிற மரப்பெட்டி, சுருட்டுகிற ரெக்சின் போர்டு மூன்றையும் காட்டினார்கள். எதை வாங்கலாம்? கடிகாரமும் வேண்டுமா?
- வாசகி, ஒத்தக்கடை

பதில்: ரெக்சின் போர்டு, பிளாஸ்டிக் காய்கள். போட்டிகளிலும் பெரும்பாலும் இதைத்தான் விரிக்கிறார்கள். கட்டம் 5 முதல் 6 செ.மீ., ராஜா சுமார் 9.5 செ.மீ. உயரம் இருக்கட்டும். அளவு டேப் இல்லையா, ஒரே கட்டத்துக்குள் நான்கு சிப்பாய்களை நிறுத்திப் பாருங்கள். கோட்டைத் தாண்டாமல் நின்றால் பொருத்தம் சரி. சித்திரைத் திருவிழாக் கடைகளில் தொங்கும் குட்டி செட்டுகளில் காய்கள் நெருக்கியடித்து நிற்கும். குதிரையைத் தூக்கினால் பக்கத்து மந்திரி சாயும்.

காயைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே வெறும் கூடாக இருந்தால் சின்னப் பிள்ளையின் கை பட்டதும் உருளும். அடியில் எடை வைத்து, வெல்வெட் துணி ஒட்டியது நல்லது.

ஓரத்தில் எழுத்தும் எண்ணும் இல்லாத போர்டு வேண்டவே வேண்டாம். ஆட்டத்தை எழுதிப் படிக்க அவை தேவை. அச்சிலும் தப்பு வரும். வெள்ளைக் காய் ஆடுபவரின் இடது கை மூலையான ஏ1 கட்டம் கறுப்பாக இருக்க வேண்டும். அது வெள்ளையாக இருந்தால் ராணியும் ராஜாவும் இடம் மாறி உட்காரும், குழந்தை தப்பாகவே பழகிவிடும். வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம், ராணி தன் நிறத்தில்: அடுக்கும்போது இந்த இரண்டையும் சொல்லிக்கொடுங்கள்.

காந்த போர்டு வைகை எக்ஸ்பிரஸில் ஆடத்தான் லாயக்கு. மலிவான மரப்பெட்டியில் நடுக்கீலின் மேல் காய் ஆடும், குதிரைக் காதும் உடையும். கடிகாரம் போட்டிக்குப் போகும்போது வாங்கினால் போதும். முதல் வாரம் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் வைத்து, எந்தச் சிப்பாய் முதலில் கடைசி வரிசையைத் தொடுகிறது என்று ஆடவிடுங்கள்.

கேள்வி: வாங்கிவந்த செட்டில் ஒரு கறுப்பு மந்திரி இல்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லைக் காட்டுகிறார்கள்.
- வாசகர், திருமங்கலம்

பதில்: குறைபாடுள்ள பொருளுக்கு அந்த வாசகம் செல்லாது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால், 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ‘பிடிக்கவில்லை’ என்று திருப்புவதற்கு இது பொருந்தாது. பெட்டி, பில் இரண்டையும் படம் எடுத்து, கடையில் எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். மாற்றுச் செட்டைக் கடையிலேயே பிரித்து எண்ணுங்கள்: நிறத்துக்கு 16, கூடுதல் ராணி உள்ள செட் என்றால் 17.