ஜிப்சத்தைக் கண்டதும் ‘கடல் வற்றியது’ என்று எழுதாதீர்கள்

நிலவியல் கேள்விகள்: ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியை பதிலளிக்கிறார்

கேள்வி: மேடம், பி.எஸ்சி. நிலவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கனிமவியல் பிடிக்கிறது. பாறை அடுக்குகளின் வரிசையையும் வயதையும் படிக்கிற அடுக்கியல் மட்டும் மண்டையில் ஏற மறுக்கிறது. ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர், நின்னியூர் என்று வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம், ஒரு புதைபடிவப் பட்டியல். உருப்போட்டு எழுதுகிறேன், மறுநாள் மறந்துபோகிறது. வேறு வழியில் படிக்க முடியாதா?
– மாணவர், துறையூர்

தம்பி, நீங்கள் உருப்போடும் பெயர்கள் எல்லாம் உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடக் கூடிய ஊர்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பகுதி முழுவதையும் அளந்து வரைந்து, 1862இல் அறிக்கை வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பாறைத் தொகுதிகளுக்குப் பெயர் வைத்தது அவர்தான். அவர் பாறையைப் பார்த்துவிட்டுப் பெயர் வைத்தார். நாம் பெயரை மட்டும் படித்துவிட்டுப் பாறையைப் பார்க்காமல் பட்டம் வாங்குகிறோம். உங்களுக்கு ஏறாததற்குக் காரணம் அதுதான், உங்கள் மண்டை அல்ல.

என் கதையைச் சொல்கிறேன். எம்.எஸ்சி. படிக்கும்போது முதல் களப்பயணம், பெரம்பலூர்ப் பக்கம் உள்ள காரை என்ற ஊருக்கு. காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் நடுவில் மழை அரித்த ஓடைக்காடு ஒன்று இருக்கிறது. பழுப்பும் சாம்பலுமாகக் களிப்பாறை, புல்கூட முளைக்காத மேடு பள்ளம். வெயிலில் தரையெல்லாம் மினுக்கும். குனிந்து எடுத்தால் பட்டு நூலை அடுக்கினாற்போல ஜிப்சம். நகத்தால் கீறினால் கோடு விழும். எனக்கு ஒரே உற்சாகம். கடல்நீர் வற்றினால் ஜிப்சம் படியும் என்று முந்தின வாரம்தான் வகுப்பில் கேட்டிருந்தேன். குறிப்பேட்டைத் திறந்து ‘இங்கே ஒரு கடல் வற்றியிருக்கிறது’ என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

எங்கள் ஆசிரியர் அதைப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் தரையிலிருந்து விரல் நீளத்தில், துப்பாக்கித் தோட்டா போல இருந்த ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். பெலம்னைட். கணவாய் மீனின் பழங்கால உறவு. தேன் நிறம். உடைந்த முனையை லென்ஸில் பார்த்தால், நடுப்புள்ளியிலிருந்து சைக்கிள் சக்கரத்துக் கம்பி போலக் கோடுகள் பிரியும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் பொங்கும். பக்கத்தில் கிடக்கும் ஜிப்சத்தில் அதே சொட்டு சும்மா உட்கார்ந்திருக்கும். “இது திறந்த கடலில் நீந்தின பிராணி. வற்றின உப்புக் குட்டையில் இதற்கு என்னம்மா வேலை?” என்று கேட்டார். அப்புறம் ஓடைச் சுவருக்குக் கூட்டிப்போனார். களிப்பாறை அடுக்குகள் ஒரு போக்கில் போகின்றன. ஜிப்சமோ அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஏறுகிறது. அடுக்கை வெட்டுவது அடுக்குக்குப் பிந்தியது. களி படிந்து, இறுகி, வெடித்த பிறகு, அந்த வெடிப்புகளில் வந்து படிந்த ஜிப்சம் அது. நான் எழுதிய வரியை அவர் அடிக்கவில்லை. “முதலில் என்ன இருக்கிறது என்று எழுது. ஏன் என்பதை மாலையில் எழுதலாம்” என்றார். முப்பது வருடம் நானும் என் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நீங்களும் அப்படித் தொடங்குங்கள். ஒரு டேப், ஒரு லென்ஸ், அமிலக் குப்பி, கட்டம் போட்ட நோட்டு. மூன்று மீட்டர் உயரச் சுவர் போதும். கீழிருந்து மேலாக வரையுங்கள், ஏனென்றால் கீழே இருப்பதுதான் முதலில் படிந்தது. 1669இல் டென்மார்க் அறிஞர் ஸ்டெனோ எழுதிவைத்த விதி இது. அடுக்கின் தடிமன், துகள் அளவு, நிறம் இவற்றைக் குறியுங்கள். அடுக்கின் எல்லை கத்தியால் வெட்டினாற்போல இருக்கிறதா, மெல்ல மாறுகிறதா என்று பாருங்கள். சிப்பி முழுசா, உடைசலா? இரண்டு ஓடும் சேர்ந்தே இருந்தால், அது வாழ்ந்த இடத்திலோ அதற்குப் பக்கத்திலோ புதைந்தது. நொறுங்கிக் கிடந்தால் அலையோ நீரோட்டமோ புரட்டியிருக்க வாய்ப்பு உண்டு. களியா வண்டலா என்று சந்தேகம் வந்தால், ஒரு துணுக்கை முன்பற்களுக்கிடையில் வைத்து லேசாக அரைத்துப் பாருங்கள். நறநறத்தால் வண்டல், வெண்ணெய் போல வழுக்கினால் களி. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் பல்லுக்குத் தெரிந்துவிடும். எந்த ஆய்வகத்துக்கும் போகாமல் நாங்கள் எல்லோரும் செய்கிற சோதனை இது.

இப்படி நான்கு இடத்தில் நான்கு சுவர் வரைந்துவிட்டு அந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். ஊட்டத்தூர்த் தொகுதியில் கடல் உள்ளே வந்து ஆழமாகிறது, காரைக் களி அப்போது படிந்தது. திருச்சித் தொகுதியின் கருடமங்கலத்தில் மணலும் சிப்பியுமாக ஆழம் குறைந்த கடல். அரியலூர்த் தொகுதியின் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கனத்த சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கும். சிமென்ட் ஆலைகள் அந்தப் பக்கம் குவிந்ததற்கு இந்தச் சுண்ணாம்புக்கல்தான் காரணம். அதற்கு மேலே கல்லமேட்டில் கடல் விலகி ஆறு வந்துவிட்டது, அங்கே டைனோசர் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அதற்கும் மேலே நின்னியூரில் மறுபடி கடல். ஆனால் 6.6 கோடி ஆண்டுக்கு முந்திய அந்தப் பேரழிவு இதற்குள் நடந்து முடிந்துவிட்டது, சுருள் ஓடு கொண்ட கடல் பிராணியான அம்மோனைட்டும் இல்லை, டைனோசரும் இல்லை. கடல் வந்தது, போனது, திரும்ப வந்தது. இதை ஒருமுறை நடந்து பார்த்தவருக்கு வரிசை மறக்குமா?

கேள்வி: ஒரே பாறை அலகு ஓரிடத்தில் ஒரு வயதும் இன்னோரிடத்தில் வேறு வயதுமாக இருக்கலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒரே அடுக்கு என்றால் ஒரே வயதுதானே? குழப்பமாக இருக்கிறது.
– முதுநிலை மாணவி, சேலம்

நல்ல குழப்பம்தான், இது வராமல் அடுக்கியல் புரியாது. வேதாரண்யம் பக்கம் போயிருக்கிறீர்களா? இன்று காலை, ஒரே நேரத்தில், கரையில் மணல் படிகிறது, கொஞ்சம் உள்ளே உப்பளத்திலும் சதுப்பிலும் சேறு படிகிறது, கரைக்கு அப்பால் கடலடியில் வேறு சேறு. வயது ஒன்று, படிவு மூன்று. சரி, இப்போது அங்கே உள்நாட்டுப் பக்கம் நடந்தால் பழைய கடற்கரை மணல்மேடுகள் வரிசையாக வரும். கடல் கிழக்கே விலக விலக, ஒவ்வொரு காலத்துக் கரையும் விட்டுப்போன மேடு அது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே மணல் விரிப்பு. அதைக் கல்லாக்கி உங்கள் முன் வைத்தால் ‘ஒரு மணற்கல் அலகு’ என்றுதான் எழுதுவீர்கள். ஆனால் மேற்கு முனை மூத்தது, கிழக்கு முனை இளையது. பாறை அலகு என்பது பொருளை வைத்துப் பிரித்தது. கால அலகு வேறு, அதற்குப் புதைபடிவமோ எரிமலைச் சாம்பலோ சாட்சி சொல்ல வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் படிகிறவைதான், இடையில் அரிப்போ இடைவெளியோ இல்லாதவரை, கரை நகர நகர ஒன்றின்மேல் ஒன்றாக வரும். ஜெர்மன் நிலவியலாளர் யோஹான்னஸ் வால்தர் 1894இல் சொன்ன விதி இதுதான். தேர்வில் விதியை எழுதுவதோடு இந்த மணல்மேட்டையும் வரைந்து காட்டுங்கள்.

கேள்வி: அம்மா, என் மகள் நிலவியல்தான் படிப்பேன் என்கிறாள். காடுமேடெல்லாம் அலைய வேண்டுமாம். வேலை கிடைக்குமா என்றும் பயமாக இருக்கிறது.
– தகப்பனார், மன்னார்குடி

அலைய வேண்டும், உண்மைதான். களத்துக்குக் குழுவாகப் போவார்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போகும் பழக்கம் உள்ள துறையா என்று கல்லூரியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தங்குமிடத்தையும் கேளுங்கள். நான் படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் இரண்டு பெண்கள்தான். ஒதுங்க மறைவிடம் இல்லாததால் நாங்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் நடந்து, ஒருமுறை தோழி மயங்கி விழுந்தாள். அதை எந்த ஆசிரியரும் யோசிக்கவில்லை. உங்கள் மகள் அப்படிக் கஷ்டப்பட வேண்டியதில்லை, வாய் திறந்து கேட்கச் சொல்லுங்கள்.

வேலைக்கு, எம்.எஸ்சி. முடித்தவர்கள் யூ.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதலாம். நிலவியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதன் வழியாக ஆள் எடுக்கிறார்கள். இன்னொன்று, நீங்கள் டெல்டாக்காரர். உங்கள் பக்கத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டும்போது ஆழத்தில் வருகிற பாறைகளுக்கு அரியலூர்ப் பாறைகள் உடன்பிறப்பு, இரண்டும் ஒரே காவிரிப் படுகை. அங்கே வெயிலில் தெரிவது இங்கே வண்டலுக்கடியில் புதைந்து கிடக்கிறது. மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவளே உங்களுக்கு மீதியை விளக்குவாள்.

கேள்வி: களப்பயணத்தில் கிடைத்த அம்மோனைட்டை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?
– மாணவர், கடலூர்

வேண்டாம். எந்த அடுக்கில், தரையிலிருந்து எத்தனை மீட்டரில் இருந்தது என்பது தெரியாத அம்மோனைட் அலமாரிக்கு அழகு, அடுக்கியலுக்கு உதவாது. சுவரிலேயே இருந்தால் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள், இடத்தைக் குறியுங்கள், அப்படியே விட்டுவிடுங்கள். உதிர்ந்து கிடந்ததை ஏற்கெனவே எடுத்திருந்தால், இடம், தேதி எழுதிய சீட்டோடு உங்கள் துறை அருங்காட்சியகத்தில் கொடுத்துவிடுங்கள். சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.