கம்பாலாவில் மூன்று மாதம் தன்னார்வப் பயிற்சிக்குப் போகிறேன், எப்படித் தயாராவது?

முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. உகாண்டாவுக்குள் நுழைய அதன் சான்றிதழ் கட்டாயம், ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். மலேரியா விஷயத்தில் கொஞ்சமும் அசட்டை வேண்டாம். மருத்துவர் டாக்ஸிசைக்ளின் என்ற மலேரியா தடுப்பு மாத்திரையை எழுதித் தந்தால், கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் நான்கு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். பலர் ஊர் வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து. கொசுவலைக்குள் தூங்குங்கள்.

சம்பளம் இல்லாத வேலைதானே என்று சுற்றுலா விசாவில் போகாதீர்கள். உரிய அனுமதியை உங்களை அழைக்கும் அமைப்பே வாங்கித் தருமா என்று எழுத்தில் கேளுங்கள். தயங்கினால், என்னைக் கேட்டால், வேறு இடம் பார்ப்பதே நல்லது.

டாலர் கொண்டுபோனால் கசங்காத, புதிய 100 டாலர் நோட்டுகளாக இருக்கட்டும். பழைய நோட்டுகளை வாங்கத் தயங்குவார்கள், சின்ன நோட்டுகளுக்கு மாற்று விகிதமும் குறைவு. அங்கே போனதும் சிம் வாங்கி, ஃபோன் எண் வழியாகவே பணம் அனுப்பும் ‘மொபைல் மணி’ கணக்கைத் தொடங்கிவிடுங்கள். அப்புறம், ‘போடா போடா’ எனப்படும் பைக் டாக்ஸியில் ஏறினால் ஹெல்மெட் கேட்டு வாங்குங்கள். இரவில் அதைத் தவிர்ப்பதே சரி.

பூமத்திய ரேகை பக்கம்தான், ஆனாலும் கம்பாலா சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மாலையில் லேசாகக் குளிரும். ஒரு ஸ்வெட்டர் போதும்.