பழைய ஸீகல் மோட்டாருக்குப் புது வண்ணம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரில் வசிக்கிறேன். பழைய படகுச் சாமான்கள் விற்கும் சந்தையில் படகின் பின்புறத்தில் மாட்டும் ‘பிரிட்டிஷ் ஸீகல் ஃபார்ட்டி பிளஸ்’ அவுட்போர்ட் மோட்டார் ஒன்றை மலிவாக வாங்கினேன். ஃப்ளைவீல் கையால் சுற்றினால் சுற்றுகிறது. இதுவரை ஓட்டிப் பார்க்கவில்லை. டேங்கில் பாதி வண்ணம் உதிர்ந்துவிட்டது, அலுமினியப் பாகங்கள் வெள்ளையாகப் பூத்துப் போயிருக்கின்றன. முழுவதையும் பிரித்து, மணல் வீச்சில் சுத்தம் செய்து, வண்ணம் அடித்து முடித்த பிறகு ஓட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். இந்த வரிசை சரிதானா?

பதில்: வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் ஓட வையுங்கள். வண்ணம் கடைசி வேலை. பழைய மோட்டார் முதன்முதலாக உயிர் பெறும்போது டேங்கின் பற்றவைத்த இணைப்பிலோ எரிபொருள் குழாயிலோ கார்புரேட்டரிலோ எங்காவது பெட்ரோல் கசிவது வழக்கம் என்பதால், அந்தக் கசிவுகளை எல்லாம் கண்டுபிடித்து அடைப்பதற்கு முன்னால் அடித்த வண்ணம் ஒரே வாரத்தில் கொப்புளித்து உரிந்துவிடும். தவிர, ஓட்டிப் பார்த்த பிறகு மறுபடி பிரிக்க வேண்டி வந்தால், ஸ்பேனர் படும் இடமெல்லாம் புது வண்ணம் பெயரும்.

டார்செட்டின் பூல் நகரில் 1996 வரை தயாரிக்கப்பட்ட ஸீகல் மோட்டார்கள் மிக எளிமையான அமைப்பு கொண்டவை. உங்கள் ஃபார்ட்டி பிளஸ் 64 சிசி கொள்ளளவுள்ள ஒற்றை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் இயந்திரம். அது ஓட மறுத்தால் பார்க்க வேண்டியவை சிலவே. பிளக்குக்குப் பொறி தரும் மேக்னட்டோவின் பாயிண்ட் முனைகளை நேர்த்தியான எமரித் தாளால் துடைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.5 மில்லிமீட்டருக்குச் சரிசெய்யுங்கள். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியும் அதே அளவுதான். கார்புரேட்டரைக் கழற்றி, காய்ந்து பிசினான பழைய பெட்ரோலைக் கழுவி, ஜெட்டின் துளையில் கம்பி எதையும் விடாமல் காற்றால் ஊதித் திறவுங்கள்.

எரிபொருள் குழாயைத் திறந்து மூடும் தள்ளு-இழு திருகை மட்டும் சற்று நின்று கவனிக்க வேண்டும். பழைய மாடல்களில் அதனுள்ளே கசிவைத் தடுப்பது ஒரு சிறு கார்க் துண்டு. பல ஆண்டுகள் காய்ந்து கிடந்தால் கார்க் சுருங்கி, திருகை மூடிய பிறகும் பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருக்கும். சில சமயம் நீரில் ஊற வைத்தாலே மீண்டும் உப்பிக்கொள்ளும். இல்லையென்றால் புது கார்க் போட வேண்டும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கார்க்கையும் கெடுக்கும். எனவே எத்தனால் குறைந்த உயர்ரக பெட்ரோலை வாங்குவதும், சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிடுவதும் நல்லது.

மோட்டாரை ஒரு பெரிய பீப்பாய் நீரில் கியர்பாக்ஸும் நீர்ப் பம்பும் மூழ்கும்படி மாட்டி ஓட்டுங்கள். நீரில்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்ட வேண்டாம். ஃப்ளைவீல் மூடியின்றித் திறந்தே சுழலும் மாடல் என்றால், கயிற்றை இழுக்கும்போது தொங்கும் சட்டைக் கையும் கழுத்துத் துண்டும் அருகில் வரக் கூடாது.

இனி மணல் வீச்சு. அதைக் கைவிடுங்கள் என்றே சொல்வேன். இந்த மோட்டாரின் கிராங்க் தண்டு பந்து பேரிங்கில் அல்ல, புஷ் எனப்படும் வெண்கல வளையத்தில் சுழல்கிறது. எத்தனை முறை கழுவினாலும் வார்ப்பின் மூலைகளில் சில மணல் துகள்கள் தங்கிவிடும்; அவை எண்ணெயோடு புஷ்ஷுக்குள் போனால் அதைத் தேய்த்துத் தின்றுவிடும். பழைய வண்ணத்தைக் கரைக்கக் காஸ்டிக் சோடா கலந்த திரவமும் கூடாது. காஸ்டிக் அலுமினியத்தையே கரைக்கும். அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் தெளிவாக எழுதியிருக்கும் பெயிண்ட் ரிமூவர், பித்தளைக் கம்பி பிரஷ், மண்ணெண்ணெய், பொறுமை ஆகிய நான்கும் போதும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் காய்ந்த நிலையில் தேய்க்காமல், வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, அந்தச் சேற்றைத் துணியில் துடைத்து எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

வெண்பூப்பு முழுவதும் நீங்கி வெற்று உலோகம் தெரிந்தவுடன் தாமதிக்கக் கூடாது. சுத்தமான அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடனே ஆக்ஸைடு படலம் உருவாகத் தொடங்கிவிடுகிறது. சாதாரண எனாமல் அந்தப் படலத்தில் பிடிக்காமல் ஒரே பருவத்தில் தோலாக உரியும். ஆகவே 240 எண் உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, அன்றைக்கே உலோகத்தைச் சற்று அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமரை மிக மெல்லிய ஒரு கோட்டாக அடிக்க வேண்டும். எட்ச் பிரைமர் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அதை அப்படியே நாள்கணக்கில் விட்டுவைக்காமல், டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் அடுத்த பிரைமரால் மூடுங்கள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: அமிலம் கலந்த எட்ச் பிரைமரின் மேல் எபாக்ஸி பிரைமர் பல நேரங்களில் ஒத்துப்போகாது. எபாக்ஸி வேண்டுமென்றால் எட்ச் இல்லாமல் நேரடியாகத் தேய்த்த உலோகத்தின் மேல் அடிக்கும் வகையை வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த நிறம் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. படத்தைப் பார்த்து நிறம் தேடாதீர்கள். டேங்கைப் பிடித்திருக்கும் பட்டையைக் கழற்றினால், வெயிலும் உப்பும் படாத ஒரு விரல் அகலக் கோட்டில் தொழிற்சாலையின் அசல் நிறம் பளிச்சென்று இருக்கும். டேங்கையே பெயிண்ட் கடைக்குக் கொண்டுபோய் அந்தக் கோட்டுக்கு நிறம் பொருத்தச் சொல்லுங்கள். பட்டைக்கு அடியில்கூட வண்ணத்தின் தடயமே இல்லாத பாகத்துக்கு வண்ணம் அடிக்காமல் சுத்தம் செய்து விட்டுவிடுவதுதான் என் கட்சி. ‘உலகுக்கான மிகச் சிறந்த அவுட்போர்ட் மோட்டார்’ என்று தன்னைத் தானே அழைத்துக்கொண்ட நிறுவனம், பளபளப்பை நம்பி அந்த வாசகத்தை எழுதவில்லை.

கேள்வி: மேற்கண்ட மோட்டாருக்கே ஒரு துணைக் கேள்வி. பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும்? ஒருவர் பத்துக்கு ஒன்று என்கிறார், இன்னொருவர் இருபத்தைந்துக்கு ஒன்று என்கிறார்.

பதில்: இரண்டும் சரி. பழைய ஸீகல் மோட்டார்களுக்குப் பத்துக்கு ஒன்று, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி ஆயில். பின்னாளில் வந்தவற்றுக்கும், கார்புரேட்டரை அதற்கேற்ப மாற்றியவற்றுக்கும் இருபத்தைந்துக்கு ஒன்று. உங்கள் கார்புரேட்டர் மாற்றப்பட்டதா என்பது உறுதியாகத் தெரியும்வரை பத்துக்கு ஒன்றிலேயே இருங்கள். புகை வரும், பிளக் அழுக்காகும், அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் புஷ் பிழைக்கும்.

கேள்வி: ஆக்லாந்திலிருந்து எழுதுகிறேன். என் ஸீகலின் நட்டுகள் உப்பில் இறுகிவிட்டன. மெட்ரிக் ஸ்பேனரால் முயன்றதில் இரண்டின் முனை மழுங்கிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: ஸ்பேனரைத்தான் முதலில் மாற்ற வேண்டும். இவை பிரிட்டனின் பழைய விட்வொர்த் அளவு முறையில் செய்யப்பட்டவை. மெட்ரிக் ஸ்பேனர் பொருந்துவதுபோல் தோன்றி நழுவும். சரியான ஸ்பேனரோடு, துருவை இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் விட்டு ஓரிரு நாள் ஊற வையுங்கள். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும் என்பதால், நட்டை அல்லாமல் அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தை ஹாட் ஏர் கன்னால் சூடாக்க வேண்டும். அதற்கு முன் டேங்கையும் குழாயையும் கழற்றி வெகு தூரத்தில் வைத்துவிடுங்கள். கழற்றும் திசையில் திருப்புவதற்கு முன் ஒரு நூலளவு இறுக்கிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம், பெரும்பாலும் பலிக்கும். நட்டு மாட்டியிருக்கும் ஸ்டட் (மரையிட்ட தண்டு) நடுவில் முறிந்தால் நீங்களே துளையிடாமல் லேத் பட்டறைக்குக் கொடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது துருப்பிடிக்காத எஃகு நட்டையும் அலுமினியத்தையும் நேரடியாகச் சேர விடாதீர்கள். உப்பு நீரில் இந்த இரண்டும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். இடையே டூராலாக் போன்ற தடுப்புப் பசையைத் தடவினால், அடுத்த முறை பிரிப்பவர் உங்களை வாழ்த்துவார். புரொப்பெல்லரைக் கழற்றும்போது அதன் பின்னால் உள்ள சுருள் கம்பியைப் பத்திரப்படுத்துங்கள். பாறையில் மோதினால் அதிர்ச்சியைத் தாங்குவது அந்த ஸ்பிரிங்தான். அதன் கொக்கி முனை தேய்ந்திருந்தால் புதிது போட்டுவிடுங்கள்.

கேள்வி: சென்னையில் டூ-வீலருக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் பழைய அவுட்போர்ட் மோட்டாரைக் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம், சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுங்கள். பட்டி தேய்த்து வழவழப்பாக்குவது அவர்கள் கைப்பழக்கம். மோட்டாரின் வார்ப்பில் பட்டி வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், ஏனெனில் வார்ப்பில் எழும்பி நிற்கும் எழுத்துகள் அதில் மறைந்துவிடும், சூட்டிலும் அதிர்விலும் பட்டி வெடிக்கும். கேஸ்கெட் அமரும் பரப்பு, பிளக்கின் மரை, மேக்னட்டோ தட்டு உலோகத்தோடு உலோகமாக அமரும் இடம், பொறித்த வரிசை எண் ஆகியவற்றை நீங்களே டேப் ஒட்டி மறைத்துவிட்டுக் கொடுங்கள். மேக்னட்டோ தட்டின் அடியில் வண்ணம் படிந்தால் எர்த் விட்டுப்போய், நேற்றுவரை ஓடிய மோட்டார் இன்று பொறியே தராது.

ஹார்டனர் கலந்த டூ-பேக் பாலியூரத்தேன் பெட்ரோலைத் தாங்கும். அதன் தெளிப்பில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருப்பதால் தகுந்த முகக் கவசமும் காற்றோட்டமும் உள்ள பட்டறையில் மட்டும் அடிக்க வேண்டும். வீட்டு மாடியில் முயலாதீர்கள். வேலை முடிந்த பிறகு டேங்கின் அடிப்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில், பெட்ரோல் நனைத்த பஞ்சைப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். வண்ணம் இளகினால் பட்டறைக்காரர் ஹார்டனர் கலக்கவில்லை அல்லது இன்னும் காயவில்லை. இன்னொரு வாரம் வெயிலில் வைத்து அதே சோதனையைச் செய்து, அப்போதும் இளகினால் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.