பம்ப் மேல் குற்றமில்லை, டேங்க்கை ஏற்றுங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் பாய்லர் பார்க்கிறேன். சீசன் வந்தாலே கண்டன்சேட்டை, அதாவது நீராவி குளிர்ந்து திரும்பும் சூட்டுத் தண்ணீரை, பாய்லருக்கு அனுப்பும் பம்ப் கரகரவென்று கத்துகிறது, தண்ணீர் ஏறுவதில்லை, கசிவைத் தடுக்கும் சீல் போய்விடுகிறது. பெரிய பம்ப்பாக மாற்றுவதா, இல்லை கண்டன்சேட்டைச் சாக்கடையில் விட்டுவிடுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். பாய்லருக்குள் விடும் ஃபீட் தண்ணீரின் சூடு 6 டிகிரி கூடினால் எரிபொருளில் சுமார் 1 சதவீதம் மிச்சமாகும். 30 டிகிரி போர் தண்ணீருக்குப் பதிலாக கண்டன்சேட் கலந்து 84 டிகிரியில் போனால் 9 சதவீதம் கையில் நிற்கும். அது போக, நம் ஊர் உப்புத் தண்ணீரை சாஃப்ட்னரில் மென்னீராக்கும் செலவும் குறையும். இதையா சாக்கடையில் விடுவது?

கிருஷ்ணகிரி மேட்டுப் பகுதி, தண்ணீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். கண்டன்சேட் வந்து சேரும் உங்கள் ரிசீவர் டேங்க்கில் இருப்பது கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் இருக்கும். பம்ப் அதை இழுக்கும்போது உள்ளே சுழலும் சக்கரமான இம்பெல்லரின் வாயில் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் போதும், தண்ணீர் ஆவிக் குமிழாகி, உள்ளே போய் உடைந்து, இம்பெல்லரை அரித்துவிடும். நீங்கள் கேட்கும் கரகரப்பு அதுதான். பம்ப் பெரிதானால் இழுப்பும் கூடும், தொல்லையும் கூடும்.

டேங்க்கும் பம்ப்பும் ஒரே தரையில் இருக்கின்றனவா என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. பம்ப் கேட்லாக்கில் என்பிஎஸ்எச் என்று, அதாவது பம்ப் வாயில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தேவையான அழுத்தத்தை, மீட்டர் கணக்கில் போட்டிருப்பார்கள். கொதிநிலைத் தண்ணீருக்கு, டேங்க் நீர்மட்டம் பம்ப்பிலிருந்து அதைவிட உயரத்தில் நிற்க வேண்டும், பைப் உராய்வுக்கும் சேர்த்து. அதனால் டேங்க்குக்கு ஸ்டாண்ட் அடித்து ஏற்றுங்கள். டேங்க்கிலிருந்து பம்ப்புக்கு வரும் சக்ஷன் பைப் பெரிதாக, குட்டையாக, வளைவு குறைவாக இருக்கட்டும். அதிலுள்ள வடிகட்டியான ஸ்ட்ரெய்னரைக் கழற்றிப் பாருங்கள், துருச் செதில் அடைத்திருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது.

அப்புறம் ட்ராப், அதாவது கண்டன்சேட்டை மட்டும் விட்டு நீராவியைத் தடுக்கும் வால்வு. டேங்க்கின் ஆவிபோக்கியான வென்ட்டில் கொஞ்சம் ஆவி வருவது இயல்புதான், 7 பார் அழுத்த நீராவி லைனிலிருந்து திறந்த டேங்க்குக்கு வரும் கண்டன்சேட்டில் சுமார் 13 சதவீதம் தானாகவே ஆவியாகும். விடாமல் சீறிக்கொண்டு வந்தால் ஏதோ ஒரு ட்ராப் திறந்தபடி மாட்டியிருக்கிறது, நீராவியே டேங்க்குக்கு வருகிறது.

டேங்க்கை ஏற்ற இடமே இல்லையென்றால் நீராவியால் தள்ளும் மெக்கானிக்கல் பம்ப் போடலாம். இம்பெல்லரும் கிடையாது, சீலும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. ஆனால் அதற்கும் தண்ணீர் மேலிருந்து தானாக இறங்கி நிரம்ப வேண்டும், கொஞ்ச உயரமாவது கொடுங்கள்.

கேள்வி: கூழை நீராவியால் சூடாக்கும் ஹீட்டரின் ட்யூபில் ஓட்டை விழுந்து கூழ் கலந்துவிட்டால்?

பதில்: அந்தக் கண்டன்சேட்டைப் பாய்லருக்கு விடவே கூடாது. சர்க்கரை உள்ளே போய் அமிலமாக மாறும், நுரை கட்டும். சர்க்கரை மட்டும் கலந்தால் தண்ணீரின் மின்கடத்தலை அளக்கும் கண்டக்டிவிட்டி மீட்டரில் தெரியாமலும் போகலாம், அதனால் சர்க்கரை ஆலைகளில் செய்கிற, சர்க்கரை இருந்தால் நிறம் காட்டும் ஆல்ஃபா நாப்தால் சோதனையை ஷிஃப்டுக்கு ஒரு முறையாவது செய்யுங்கள். நிறம் காட்டினால் உடனே வால்வைத் திருப்பி அந்தத் தண்ணீரை வெளியே விடுங்கள், எந்த ஹீட்டர் என்று கண்டுபிடித்து அடைக்கும் வரை.