வாசகர் கேள்வி - பதில்: பேஜ்மேக்கர் காலத்துக் கோப்புகள்

(1990களில் மதுரையில், வீட்டின் முன்னறையில் டி.டி.பி. வேலை, அதாவது அச்சுக்கான பக்கங்களைக் கணினியில் வடிவமைக்கும் வேலை, செய்துவந்தவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அப்பா 1997 வாக்கில் வீட்டுக் கணினியில் கோயில் மலர், சிற்றிதழ் எல்லாம் வடிவமைத்தார். அவருடைய ஃபிளாப்பிகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன. ஒன்றைத் திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக வருகிறது. கெட்டுப்போய்விட்டதா?
- வாசகி, விருதுநகர்

பதில்: கவலைப்படாதீர்கள், கெட்டிருந்தால் அந்த அளவுக்குக்கூடத் திறந்திருக்காது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. கணினியைப் பொறுத்தவரை உங்கள் அப்பா அடித்தது ஆங்கிலம்தான். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று வர ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி தட்ட வேண்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இந்த ஐந்தும் அப்படியே தெரியும். அதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

ஆகவே முதலில் தேட வேண்டியது எழுத்துருவை. டப்பாவுக்குள் எழுத்துருக்கள் மட்டும் உள்ள ஃபிளாப்பி ஒன்று இருக்கக்கூடும். எங்களில் பலர் அப்படித் தனியாக ஒன்று வைத்திருப்போம். பாமினி, ஸ்ரீலிபி, வானவில் என்று ஒவ்வொன்றிலும் எந்த இடத்தில் எந்தத் தமிழ் எழுத்து என்பது வேறு. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் படிக்க முடியாது.

ஃபிளாப்பியை டிரைவில் போடுவதற்கு முன்னால் அதன் உலோகத் தகட்டை விரலால் நகர்த்தி, உள்ளே இருக்கும் பழுப்பு வட்டைப் பாருங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் பூஞ்சை. அதை டிரைவில் போட்டால் அந்த ஃபிளாப்பியும் போகும், டிரைவின் தலையும் அழுக்காகி அடுத்த ஃபிளாப்பியையும் கெடுக்கும். தனியே எடுத்து வையுங்கள். நன்றாக இருப்பவற்றில், மூலையில் உள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தி ஓட்டை தெரியும்படி வைத்தால் எதுவும் அழியாது. யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவில் போட்டு முழுவதையும் நகலெடுங்கள். அதன் பிறகு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். படங்களைப் பல சமயம் கோப்புக்குள் சேர்க்காமல் இணைப்பாக மட்டும் வைத்திருப்போம், அதனால் டிஃப் என்ற வகைப் படக் கோப்பு எதையும் விட்டுவிடாதீர்கள்.

அன்று நாங்கள் பக்கம் வடிவமைத்த மென்பொருள் பேஜ்மேக்கர். அதன் 6, 6.5, 7 பதிப்புக் கோப்புகளை, அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் திறக்கும், அதற்குப் பின்னால் வந்தவை திறக்காது. 5ஆம் பதிப்பில் செய்தது என்றால் முதலில் 6.5இல் திறந்து சேமிக்க வேண்டும். செலவில்லாத வழி வேண்டுமானால் லிப்ரே ஆபீஸில் திறந்து பாருங்கள். பக்க அமைப்பு கொஞ்சம் கலையும், ஆனால் வாசகம் கிடைத்துவிடும்.

பிறகு, இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். வெறுமனே ‘இதற்குப் பதில் அது’ என்று மாற்றினால் சரியாக வராது. பழைய எழுத்துருவில் ‘கெ’ என்றால் கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடில் ககரம் முதலில். ‘கொ’வில் ககரத்துக்கு இரு பக்கமும் இருப்பதை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இந்த வரிசையையும் சேர்த்தே சரிசெய்கின்றன.

‘எதற்கு இந்தப் பாடு, புதிதாக டைப் அடித்துவிடலாமே’ என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கோப்பில் இருப்பது வெறும் தட்டச்சு மட்டும் அல்ல. எழுதியவரும் ஆசிரியரும் புரூஃப் பார்த்து, சிவப்பு மையில் திருத்தி, அந்தத் திருத்தங்களை உங்கள் அப்பா ஒவ்வொன்றாகப் போட்ட கடைசி வடிவம் அது. புதிதாக அடித்தால் புதுப் பிழைகள்தான் சேரும். அந்தப் பத்தாண்டில் வந்த எத்தனையோ சிற்றிதழ்கள் இப்படி வீட்டுக் கணினியில் உருவானவை. உங்களிடம் இருப்பது ஒருவேளை ஒரே பிரதியாக இருக்கலாம்.

கேள்வி: டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு இன்னும் ரிப்பன் கிடைக்குமா?
- வாசகர், தேனி

பதில்: கிடைக்கும். கார்பன் வைத்து ஒரே அடியில் இரண்டு மூன்று நகல் எடுக்க இன்றும் அதுதான் வசதி. மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: டி.டி.பி. என்பதே வீட்டுக் கணினிக்காக வந்ததுதானா?
- வாசகர், திருச்சி

பதில்: இல்லை. டி.டி.பி. வந்தது 1985இல். ஆனால் வீடுகளில் அதற்கு ஓராண்டு முன்பே ஒன்று நடந்துவிட்டது. 1984இல் அமெரிக்காவில் பிராடர்பண்ட் நிறுவனம் ஆப்பிள் 2 கணினிக்காகப் ‘பிரிண்ட் ஷாப்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. வாழ்த்து அட்டையும், தொடர்தாளில் பக்கவாட்டில் ஓடும் நீளமான பேனரும் டாட் மேட்ரிக்ஸிலேயே அடிக்கலாம். தொழில்முறையாளர்கள் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டால், சாதாரண ஆட்களும் சொந்தமாக ஒரு பக்கத்தைத் தயாரிக்கலாம் என்று முதலில் காட்டியது அதுதான்.

1985இல் வந்தது வேறு மாதிரி. ஆப்பிளின் மெக்கின்டாஷ், அதன் லேசர்ரைட்டர் பிரிண்டர், ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் மூன்றும் ஒன்று சேர்ந்தன. ஆல்டஸைத் தொடங்கிய பால் பிரைனெர்ட் செய்தித்தாள் தொழிலில் இருந்து வந்தவர். வெனிஸ் நகரத்தின் பழைய அச்சகக்காரர் ஆல்டஸ் மனுஷியஸின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார். லேசர்ரைட்டரின் விலை 6,995 டாலர். அதற்குள் இருந்த செயலியின் வேகம் 12 மெகாஹெர்ட்ஸ். மெக்கின்டாஷில் இருந்த அதே வகைச் செயலிக்கு 8கூட இல்லை. அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் வரும் பக்க வர்ணனையைப் படித்து, புள்ளிகளாக மாற்றும் வேலை பிரிண்டருக்குள்ளேயே நடந்ததால் அவ்வளவு வேகம் தேவைப்பட்டது. அந்த விலையில் அது அலுவலகங்களுக்குத்தான் கட்டுபடியானது.

கேள்வி: பழைய லேசர்ஜெட் 2 பிரிண்டர் ஒன்று சும்மா கிடைத்தது. எழுத்து அருமையாக வருகிறது. பெரிய படம் வைத்தால் பாதி ஒரு தாளிலும் மீதி அடுத்த தாளிலும் வருகிறது. ரிப்பேரா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது, நினைவகம்தான் போதவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் ஒரு ஏ4 பக்கத்தில் அகலத்தில் 2,480, உயரத்தில் 3,508, மொத்தம் சுமார் 87 லட்சம் புள்ளிகள். கருப்பு வெள்ளையாகவே வைத்தாலும் ஒரு மெகாபைட்டுக்கு மேல் ஆகிறது. லேசர்ஜெட் 2இல் கூடுதல் அட்டை போடாவிட்டால் இருப்பது 512 கிலோபைட். நிரம்பியதும் அதுவரை வந்ததை அச்சிட்டுத் தாளைத் தள்ளிவிடும். முகப்பில் 20 என்ற பிழை எண் வந்திருக்கும், பாருங்கள்.

விண்டோஸில் பிரிண்டர் அமைப்புக்குப் போய்ப் படத்தின் அடர்த்தியை 150 ஆக்குங்கள். புள்ளிகள் கால்வாசியாகிவிடும், படம் முழுதாக வரும். எழுத்துருக்களும் அதே நினைவகத்தில்தான் போய் உட்காரும். ஒரே பக்கத்தில் ஏழெட்டு அளவுகளில் தலைப்பு வைத்தால் அதற்கும் இடம் போகும். எங்கள் நாளில் புகைப்படத்துக்கு வெறும் பெட்டி மட்டும் விட்டு, பிரஸ்ஸில் ஸ்கிரீன் போட்டு, அதாவது படத்தைச் சிறு புள்ளிகளாக்கி, எடுத்த பாசிட்டிவ் ஃபிலிமை அந்த இடத்தில் ஒட்டுவோம். முகங்கள் அதில்தான் தெளிவாக வந்தன.

கேள்வி: பழைய பட்டர் பேப்பர் பக்கங்களில் எழுத்து ஏன் இடம் வலம் மாறி இருக்கிறது? எப்படிப் பாதுகாப்பது?
- வடிவமைப்பு மாணவி, சென்னை

பதில்: பட்டர் பேப்பர் வெளிச்சம் ஊடுருவும் தாள். ஆஃப்செட் அச்சுக்கான ஒளியுணர் தகடான பிளேட்டின் மேல் அந்தத் தாளை வைத்து ஒளி பாய்ச்சுவார்கள். டோனர் (லேசர் பிரிண்டரின் மைத்தூள்) உள்ள பக்கம் பிளேட்டை ஒட்டி இருக்க வேண்டும். மேல் பக்கமாக இருந்தால் தாளின் கனத்துக்குள் வெளிச்சம் பரவி, ‘ண’, ‘ழ’ போன்ற எழுத்துகளின் மெல்லிய சுழிகள் அரிபட்டுப் போகும். டோனர் பக்கத்தைக் கவிழ்த்து வைக்கும்போது பிளேட்டில் எழுத்து நேராக விழ வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் மிரர் பிரிண்ட். தாளை ஒவ்வொன்றாகக் கையால்தான் செருகுவோம். உருளையின் சூட்டில் அது சுருளும், கொஞ்சம் சுருங்கவும் செய்யும். இரண்டு வண்ண அட்டையில் வண்ணம் விலகி நின்றால் பெரும்பாலும் காரணம் அதுதான்.

ஸ்கேன் செய்யும்போது பின்னால் ஒரு வெள்ளைத் தாள் வைத்து 600 அடர்த்தியில் எடுங்கள், பிறகு படத்தை இடம் வலமாகத் திருப்பிக்கொள்ளலாம். மூலத்தாள்களைப் பிவிசி பிளாஸ்டிக் உறையில் மட்டும் போடாதீர்கள், டோனர் உறையோடு ஒட்டிக்கொண்டு எழுத்து பெயர்ந்து வரும். இரண்டு தாள்களுக்கு நடுவே ஒரு வெள்ளைத் தாள் வீதம் வைத்து, மடிக்காமல் அட்டைப் பெட்டியில் படுக்கவையுங்கள்.